இந்த வாரம் என் பெயர் ஏன் வரவில்லை? வாராந்திரச் செய்திமடல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவம், பல் மருத்துவம், செவிலியம், மருந்தியல், பிசியோதெரபி, பொதுச் சுகாதாரம் என்று எல்லாத் துறைகளும் ஒரே வளாகத்தில் இருக்கும் ஒரு சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தில், வாரம் ஒருமுறை வரும் செய்திமடலைத் தொகுப்பது என் வேலை. வெள்ளிக்கிழமை காலை மடல் போகும், அன்று மாலையே போன் அடிக்க ஆரம்பிக்கும். கேட்கிறவர்கள் மாறுவார்களே தவிர கேள்விகள் அநேகமாக மாறுவதில்லை. அதனால்தான் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். சில பதில்கள் நீளமாக இருக்கும், ஒன்றிரண்டில் சலிப்பும் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எதையெல்லாம் செய்தி என்று எடுத்துக்கொள்வீர்கள்?

அந்த வாரம் நடந்து முடிந்த விஷயமாக இருக்க வேண்டும், யாராவது கேட்டால் எடுத்துக் காட்ட முடிய வேண்டும். கட்டுரை வெளிவந்தது, ஆய்வு நிதிக்கு ஒப்புதல் கடிதம் வந்தது, ஒருவர் பிஎச்டி வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு, முடித்தார், ஒரு வார்டில் மாத்திரை கொடுக்கும் முறையை மாற்றியதால் மருந்து மாறிப்போகும் தவறுகள் குறைந்தன, முப்பது வருடம் ரத்த வங்கியில் இருந்தவர் ஓய்வுபெற்றார். இதெல்லாம் செய்திதான். "கருத்தரங்கு சிறப்பாக நடைபெற்றது" என்பதை நான் எடுத்துக்கொள்வதில்லை. தன் கருத்தரங்கு சுமாராகத்தான் நடந்தது என்று இதுவரை யாரும் எழுதி அனுப்பியதில்லையே! அங்கே பேசியவர் சொன்னதில் உங்களுக்கு அதுவரை தெரியாமல் இருந்த ஒரு விஷயத்தை நாலு வரியில் எழுதி அனுப்புங்கள், மேடையில் உட்கார்ந்திருந்தவர்கள் பட்டியலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கட்டுரை ஏற்கப்பட்டுவிட்டது என்று மெயில் வந்துவிட்டது. இந்த வாரமே போடலாமா?

வெளியாகட்டும், போடுவோம். அனுப்பியது, திருத்தம் கேட்டது, ஏற்றது, வெளியானது எல்லாம் தனித்தனிக் கட்டங்கள். பெரிய ஜர்னல்கள் சில, இன்ன தேதி இன்ன மணி வரை வெளியே பேசக்கூடாது என்று தடை வைத்திருக்கும். அதை நாம் மீறினால் அடிபடுவது உங்கள் கட்டுரைதான். டிஓஐ எண் (இணையத்தில் கட்டுரைக்கென்று கொடுக்கப்படும் நிரந்தர அடையாள எண்) வந்து, அதைத் தட்டினால் கட்டுரை திறக்கிறது என்றால் அதே வாரம் போட்டுவிடுவேன்.

அப்படியானால் ப்ரீபிரிண்ட்டையும் போட மாட்டீர்களா?

போடுவேன், ஆனால் முதல் வரியிலேயே "இது இன்னும் துறை வல்லுநர்களின் மதிப்பீட்டுக்கு உட்படாத வடிவம்" என்று இருக்கும். மருத்துவத் துறைக்கான ப்ரீபிரிண்ட் தளமான மெட்ஆர்க்கைவ் 2019ல் தொடங்கியது. இதை வைத்துச் சிகிச்சையை முடிவு செய்யாதீர்கள், உறுதியான தகவலாகச் செய்தியில் எழுதாதீர்கள் என்று அந்தத் தளமே எச்சரிக்கை போட்டிருக்கிறது. அவர்களே சொல்வதை நான் ஏன் மறைக்க வேண்டும்?

மதிப்பீடு முடிந்தாலே எல்லாம் சரி என்றும் சொல்லவில்லை. கொரோனா காலத்தில், 2020 ஜூன் மாதம், லான்செட்டிலும் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினிலும் வந்த இரண்டு கட்டுரைகள் ஒரே நாளில் திரும்பப் பெறப்பட்டன. இரண்டுக்கும் தரவு கொடுத்தது ஒரே நிறுவனம், சரிபார்க்க மூலத் தரவைக் கொடுங்கள் என்று கேட்டபோது அது வரவில்லை. உலகத்தின் மிகப் பெரிய இரண்டு மருத்துவ ஜர்னல்களுக்கே அந்தக் கதி என்றால், நம்முடைய மடல் கொஞ்சம் அடக்கி வாசிப்பதில் தப்பில்லை.

நான் எழுதிக் கொடுத்த தலைப்பில் "எலிகளில்" என்ற சொல்லை ஏன் சேர்த்தீர்கள்?

இதுதான் எனக்கு அதிகம் திட்டு வாங்கித் தந்த சொல். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்த புதிதில், தசைச் சிதைவு நோய் பற்றிய ஓர் ஆய்வுச் செய்தியை வந்தபடியே போட்டுவிட்டேன். தலைப்பில் "புதிய சிகிச்சை" என்று இருந்தது. உள்ளே நாலாவது பத்தியில் எலி வந்தது. மறுநாள் ஒருவர் அலுவலகத்துக்குப் போன் செய்தார். "சார், அந்த ட்ரீட்மென்ட்டுக்கு எங்கே பேர் பதியணும்? பையனுக்கு வயசு ஒன்பது. இப்போ நடந்துட்டு இருக்கான், இன்னும் எத்தனை நாள்னு தெரியல" என்றார். நான் எலி என்று சொன்னேன். அவருக்கு முதலில் புரியவில்லை. மறுபடியும் சொன்னேன். "ஓ, சரிங்க சார்" என்று வைத்துவிட்டார். அவர் திட்டியிருந்தால்கூட நான் மறந்திருப்பேன்.

நம் மடலைப் படிப்பது டீனும் துறைத் தலைவர்களும் மட்டும்தான் என்று நினைத்து எழுதுகிறோம். வளாகத்திலேயே மருத்துவமனை இருக்கிறது, காத்திருக்கும் கூடத்தில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் தங்கள் நோயின் பெயரைப் போட்டுத் தேடுகிறார்கள், தேடினால் நம் செய்தி வருகிறது. ஒவ்வொரு வரியையும் அன்று போன் செய்தவர் படிப்பார் என்று வைத்துக்கொண்டுதான் அன்றிலிருந்து திருத்துகிறேன்.

இது என் தனிப்பட்ட புலம்பல் என்று நினைக்க வேண்டாம். 2014ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. பிரிட்டனின் 20 பல்கலைக்கழகங்கள் வெளியிட்ட 462 செய்திக் குறிப்புகளை எடுத்து, மூலக் கட்டுரையோடும் பிறகு வந்த பத்திரிகைச் செய்தியோடும் ஒப்பிட்டார்கள். விலங்கில் கண்டதை மனிதருக்கு நீட்டிச் சொல்லும் மிகைப்படுத்தல், விலங்கு ஆய்வுகள் பற்றிய குறிப்புகளில் 36 சதவீதத்தில் இருந்தது. குறிப்பில் அந்த மிகை இருந்தால் பத்திரிகைச் செய்திகளில் 86 சதவீதம் மிகையாக வந்தது, குறிப்பு ஒழுங்காக இருந்தால் 10 சதவீதம்தான். ஆக, பத்திரிகைக்காரர்கள் ஊதிப் பெரிதாக்குகிறார்கள் என்று நாம் சொல்லும் குற்றச்சாட்டில் பெரும்பங்கு நம் அலுவலகங்களிலிருந்தே கிளம்புகிறது. இன்னொன்றும் கண்டார்கள்: மிகைப்படுத்திய குறிப்புகள் அதிகமாகப் பத்திரிகையில் இடம்பிடித்தன என்பதற்குப் பெரிய ஆதாரம் இல்லை. பொய் சொன்ன கூலிகூடக் கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

"ஆபத்தைப் பாதியாகக் குறைக்கிறது" என்று எழுதினேன். எண்களைப் போட்டு வரியை நீட்டிவிட்டீர்களே?

பாதி என்றால் எதில் பாதி? ஆயிரம் பேரில் 200 பேருக்கு வருவது 100 ஆனாலும் பாதி, 2 பேருக்கு வருவது 1 ஆனாலும் பாதி. முதலாவதைக் கேட்டு நான் மருந்தை வாங்குவேன், இரண்டாவதைக் கேட்டால் பக்கவிளைவு என்ன என்று முதலில் கேட்பேன்.

தலைகீழாகவும் இது கடிக்கும். 1995ல் பிரிட்டனில், சில புதிய ரகக் கருத்தடை மாத்திரைகள் ரத்தக்கட்டு ஆபத்தை இரட்டிப்பாக்குகின்றன என்று அதிகாரபூர்வ எச்சரிக்கை போனது. இரட்டிப்பு என்பது பொய்யில்லை. ஏறத்தாழ 7,000 பெண்களில் ஒருவருக்கு வந்தது இரண்டு பேருக்கு வருகிறது, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்ட பெண்கள் பயந்துபோய் மாத்திரையை நிறுத்தினார்கள், வேண்டாத கர்ப்பங்களும் கருக்கலைப்புகளும் அடுத்த வருடம் கூடின. கர்ப்பத்திலேயே ரத்தக்கட்டு ஆபத்து அந்த மாத்திரையைவிட அதிகம் என்பதுதான் இதில் வேதனை. அதனால் "இத்தனை பேரில் இத்தனை" என்ற கணக்கு இல்லாமல் சதவீதத்தை மட்டும் நான் போடுவதில்லை. கணக்கு உங்கள் கட்டுரையிலேயே இருக்கும், எடுத்துக் கொடுங்கள்.

முதல் கட்டச் சோதனை வெற்றி என்று எழுதலாமா?

"முதல் கட்டச் சோதனை முடிந்தது" என்று எழுதலாம். முதல் கட்டத்தில் சில பத்துப் பேரிடம், பெரும்பாலும் நோயில்லாதவர்களிடம், மருந்து எவ்வளவு வரை பாதுகாப்பு என்று பார்க்கிறார்கள். வேலை செய்கிறதா என்ற கேள்வி இரண்டாம் கட்டத்தில்தான் மெல்ல ஆரம்பிக்கும். ஏற்கனவே இருக்கும் சிகிச்சையைவிட நல்லதா என்று சில நூறு முதல் சில ஆயிரம் பேரை வைத்துப் பார்ப்பது மூன்றாம் கட்டம். முதல் கட்டத்துக்குள் நுழையும் மருந்துகளில் சுமார் பத்தில் ஒன்றுதான் கடைசியில் ஒப்புதல் பெறுகிறது. கட்டத்தின் எண்ணைத் தலைப்பிலேயே போட்டுவிடுகிறேன், சோதனையின் பதிவு எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள். முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு செய்திருக்க வேண்டும் என்பது 2005 முதல் முக்கிய மருத்துவ ஜர்னல்களின் நிபந்தனை, ஆகவே அந்த எண் உங்களிடம் இருந்தே தீரும்.

ஜர்னலின் இம்பாக்ட் ஃபேக்டரைப் பெயருக்குப் பக்கத்தில் போடச் சொன்னேன், போடவில்லை.

போட மாட்டேன். அந்த எண், ஒரு ஜர்னலில் முந்தைய இரண்டு வருடங்களில் வந்த கட்டுரைகள் இந்த வருடம் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பதைச் சொல்கிறது. அது ஜர்னலைப் பற்றிய கணக்கு. உங்கள் கட்டுரையை யாரும் தொடாமலும் போகலாம், அதே இதழில் பக்கத்தில் இருக்கும் கட்டுரை ஆயிரம் மேற்கோள் வாங்கிச் சராசரியைத் தூக்கிவிட்டிருக்கலாம். நல்ல வகுப்பில் படித்தேன் என்பது என் மதிப்பெண் ஆகிவிடுமா? ஆட்களையும் கட்டுரைகளையும் இந்த எண்ணை வைத்து எடைபோடாதீர்கள் என்று 2012ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கூடிய ஆய்வாளர்களும் ஜர்னல் ஆசிரியர்களும் ஒரு பிரகடனமே எழுதினார்கள்.

எச்-இன்டெக்ஸும் அப்படித்தான். 2005ல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் கொண்டுவந்தது. 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் 20 முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் உங்கள் எண் 20. வயதானால் ஏறும், ஒருபோதும் இறங்காது. இதய நோய்த் துறையில் இருப்பவரையும் செவிலியர் கல்வித் துறையில் இருப்பவரையும் இதை வைத்து ஒப்பிட்டால் ஒருவருக்கு அநியாயம் நடக்கும், யாருக்கு என்று உங்களுக்கே தெரியும்.

"உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானிகள்" பட்டியலில் எங்கள் பேராசிரியர் இருக்கிறாரே, அது சாதனை இல்லையா?

பாராட்டத்தக்கதுதான், வருடத்துக்கு ஒருமுறை எல்லாப் பெயரையும் சேர்த்து ஒரே செய்தியாகப் போடுவோம். ஆனால் அது விருது இல்லை. ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஐயோனிடிஸும் அவருடைய குழுவும் ஸ்கோபஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தை வைத்து, மேற்கோள்களின் அடிப்படையில் போடும் கணக்கு. லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. வாழ்நாள் முழுவதற்கும் ஒரு பட்டியல், ஒரு வருடத்துக்கு மட்டும் இன்னொரு பட்டியல். எதில் வந்தது என்று சொல்லாமல் "ஸ்டான்ஃபோர்டு கௌரவித்தது" என்று எழுதி அனுப்பினால் நான் அடித்துத்தான் எழுதுவேன். சுயமேற்கோளை நீக்கினால் என்ன ஆகும் என்ற கணக்கையும் அந்தப் பட்டியலே பக்கத்தில் வைத்திருக்கிறது. அதையும் ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்பினால் நல்லது.

மெயிலில் வந்த சர்வதேச விருதை ஏன் நிராகரித்தீர்கள்?

விருது வாங்கப் பதிவுக் கட்டணம் கட்டச் சொல்லியிருந்தார்கள், அதனால்தான். எனக்கே "இவ்வருடத்தின் சிறந்த இதய அறுவை நிபுணர்" விருதுக்கு அழைப்பு வந்திருக்கிறது. நான் படித்தது இதழியல்.

காசு கொடுத்தால் எதையும் வெளியிடும் ஜர்னல்களின் கதையும் இதே கதைதான். 2013ல் ஜான் போஹானன் என்ற பத்திரிகையாளர், வேண்டுமென்றே அபத்தமான தவறுகளை வைத்து ஒரு போலிக் கட்டுரை எழுதி, திறந்தநிலை ஜர்னல்கள் 304க்கு அனுப்பினார். 157 ஏற்றுக்கொண்டன. பாவம், இளம் ஆய்வாளர்கள் தெரியாமல் போய் மாட்டிக்கொள்கிறார்கள், அவர்களைக் கேலி செய்ய நான் தயாரில்லை. சந்தேகம் இருந்தால் பணம் கட்டுவதற்கு முன்னால் நூலகத்தில் கேளுங்கள், பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள்.

ஆய்வில் நானும் வேலை செய்தேன். செய்தியில் துறைத் தலைவர் பெயர் மட்டும் வந்திருக்கிறது.

அனுப்பியவர் அந்த ஒரு பெயரைத்தான் அனுப்பியிருந்தார். ஆனாலும் தவறு என்னுடையதும்தான், கட்டுரையைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். இப்போது பார்க்கிறேன். பல ஜர்னல்கள், யார் திட்டமிட்டது, யார் தரவு சேர்த்தது, யார் புள்ளிவிவரம் பார்த்தது, யார் எழுதியது என்று 14 வகைப் பங்களிப்புகளாகப் பிரித்துக் கடைசிப் பக்கத்தில் போடுகின்றன. அதைப் படித்தால் கதை தெரிந்துவிடும்.

பெனிசிலின் என்றால் ஃப்ளெமிங் என்று சொல்கிறோம். 1928ல் அவர் பூஞ்சையைப் பார்த்தது உண்மை. ஆனால் அதை மருந்தாக்கியது ஆக்ஸ்ஃபோர்டில் ஃப்ளோரியின் குழு. அந்தக் குழுவில் நார்மன் ஹீட்லி என்று ஒருவர். போர்க்காலம், பாத்திரம் கிடையாது, பூஞ்சையை வளர்க்க மருத்துவமனையின் மலத்தட்டு மாதிரி பீங்கான் கலன்களை அவரே வடிவமைத்தார், பெனிசிலினைப் பிரித்தெடுக்கும் வழியையும் அவர்தான் கண்டார். 1940 மே 25 அன்று எட்டு எலிகளுக்குக் கொடிய கிருமியைச் செலுத்தி, நாலுக்கு மட்டும் மருந்து கொடுத்துவிட்டு, இரவெல்லாம் ஆய்வகத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். விடிவதற்குள் மருந்து பெறாத நாலும் செத்துவிட்டன, மற்ற நாலும் உயிரோடு இருந்தன. 1945ல் நோபல் பரிசு ஃப்ளெமிங், ஃப்ளோரி, ஃப்ளோரியின் குழுவில் இருந்த செயின் மூவருக்கும் போனது. ஒரு பரிசை மூன்று பேருக்குமேல் பிரிப்பதில்லை. ஹீட்லிக்கு ஆக்ஸ்ஃபோர்டு 1990ல் கௌரவ மருத்துவ முனைவர் பட்டம் கொடுத்தது. ஐம்பது வருடம்!

நோபல் குழுவுக்கு மூன்று பேர் என்று விதி இருக்கிறது. நமக்கு அப்படி எந்த விதியும் இல்லை, எத்தனை பெயர் வேண்டுமானாலும் அச்சிடலாம். விலங்குக் கூடத்தைப் பார்த்துக்கொண்டவர், தரவை இரவில் உட்கார்ந்து கணினியில் ஏற்றிய முதுநிலை மாணவர், எல்லாரையும் எழுதி அனுப்புங்கள்.

செவிலியர்கள், லேப் டெக்னீசியன்கள் பற்றி ஏன் எதுவுமே வருவதில்லை?

நியாயமான கேள்வி, முழுக் குற்றமும் எங்கள் மேல்தான். மருத்துவர்களுக்குச் செய்தி அனுப்ப ஆள் இருக்கிறது. இரவு ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிறவர், தன் சாதனையை இருநூறு சொல்லில் எழுதிப் படத்தோடு அனுப்புவார் என்று எதிர்பார்த்து நாங்கள் உட்கார்ந்திருந்தோம். மே 12 செவிலியர் தினத்துக்கு ஒரு வாழ்த்துப் படம் போட்டுவிட்டு அதோடு மறந்துவிடுவோம். இப்போது வாரம் ஒரு வார்டுக்கோ ஆய்வகத்துக்கோ நாங்களே போகிறோம்.

போய்க் கேட்டால் "நாங்க ஒண்ணும் செய்யலையே" என்றுதான் முதலில் சொல்வார்கள். கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தால், படுக்கைப்புண் வராமல் இருக்க நோயாளிகளைத் திருப்பிப் படுக்கவைக்கும் நேரத்தை ஒரு பலகையில் எழுதி வைத்ததையும், அதற்குப் பிறகு அந்த வார்டில் புண் வந்தவர்கள் எத்தனை பேர் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்திருப்பதையும் போகிற போக்கில் சொல்வார்கள். அந்த நோட்டுதான் செய்தி!

இப்படிச் சின்னதாகத் தெரிவது எவ்வளவு பெரிய வேலை செய்யும் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் சரிபார்க்க உலக சுகாதார நிறுவனம் 19 வரிப் பட்டியல் ஒன்று தயாரித்தது. நோயாளி யார், எந்தப் பக்கம் அறுக்கிறோம், ஒவ்வாமை உண்டா, பஞ்சும் கருவிகளும் எண்ணியாயிற்றா என்று வாய்விட்டுக் கேட்பது, அவ்வளவுதான். உலகின் வெவ்வேறு நகரங்களில் எட்டு மருத்துவமனைகளில் பார்த்து 2009ல் வெளியிட்டார்கள்: இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆனது, சிக்கல்கள் 11லிருந்து 7 ஆயின. புது மருந்து ஒன்று இதைச் செய்திருந்தால் எட்டுப் பத்தித் தலைப்புச் செய்தி போட்டிருப்போம்.

எங்கள் ஆய்வில் மருந்து வேலை செய்யவில்லை. இதைப் போய் எப்படிச் சாதனை என்று அனுப்புவது?

அனுப்புங்கள், முதல் செய்தியாகவே போடுகிறேன். மாரடைப்பு வந்தவர்களுக்கு இதயத்தில் வரும் உபரித் துடிப்புகளை அடக்க ஒருகாலத்தில் சில மருந்துகளைத் தாராளமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். துடிப்பு அடங்கும், இசிஜி அழகாக இருக்கும், மருத்துவருக்கும் திருப்தி. உண்மையிலேயே உயிரைக் காக்கிறதா என்று பார்க்க காஸ்ட் என்ற சோதனையை அமெரிக்காவில் நடத்தினார்கள். 1989ல் இரண்டு மருந்துகளைப் பாதியில் நிறுத்த வேண்டி வந்தது, மருந்து வாங்கியவர்கள்தான் அதிகம் இறந்துகொண்டிருந்தார்கள். அந்தத் "தோல்வி" எத்தனை உயிரைக் காத்தது என்று யோசித்துப் பாருங்கள். பலன் தராத சிகிச்சை எது என்று காட்டியவருக்கும் அதே பக்கத்தில் அதே அளவு எழுத்தில் இடம் உண்டு.

அரிய அறுவை சிகிச்சை செய்தோம். நோயாளியின் படத்தைப் போடலாமா? முகத்தை மறைத்துவிடுகிறோம்.

முகத்தை மறைத்தால் மட்டும் போதாது. அரிய நோய், வயது, ஊர், தேதி நாலையும் சேர்த்தால் அவருடைய தெருவில் இருப்பவர்களுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும், அதுவும் இன்ன செய்தி, இன்ன படம், எங்கெல்லாம் போகும் என்று காட்டிக் கேட்டதாக இருக்க வேண்டும். அறுவை செய்த டாக்டரே கேட்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம். உயிரைக் காப்பாற்றியவர் வந்து கேட்கும்போது யார்தான் மாட்டேன் என்பார்கள்? அவர் மனம் மாறி எடுத்துவிடச் சொன்னால் அன்றே எடுத்துவிடுவோம்.

இன்னொன்று, "உலகிலேயே முதல்முறை". தயவுசெய்து வேண்டாம். உலகம் முழுவதும் நீங்கள் தேடிப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. "எங்கள் மருத்துவமனையில் முதல்முறை" என்றால் ரெஜிஸ்டரைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

ஆய்வுக்கு நிதி கொடுத்த நிறுவனத்தின் பெயரை அவசியம் போட வேண்டுமா?

ஆமாம். மருந்துக் கம்பெனி கொடுத்திருந்தால் கட்டாயம்.

தப்பாக வந்த செய்தியைச் சத்தமில்லாமல் மாற்றிவிட முடியாதா?

எழுத்துப்பிழை என்றால் மாற்றிவிடுவோம். தகவல் பிழை என்றால் அடுத்த மடலில், அந்தச் செய்தி வந்த அதே இடத்தில், திருத்தம் வரும். கட்டுரையே திரும்பப் பெறப்பட்டால் அதையும் போடுவோம், சம்பந்தப்பட்டவருக்குக் கசப்பாக இருந்தாலும்.

தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப்போட்ட வேக்ஃபீல்டின் கட்டுரை 1998ல் லான்செட்டில் வந்தது, 12 குழந்தைகளை வைத்து எழுதியது. முழுவதுமாகத் திரும்பப் பெறப்பட்டது 2010ல். நடுவில் போன 12 வருடத்தில் அந்தப் பயம் எவ்வளவு தூரம் போனது என்பது ஊரறிந்தது, இன்றும் தடுப்பூசி முகாமில் உட்காரும் நம் செவிலியர்கள்தான் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். திரும்பப் பெற்றால் எல்லாரும் மோசடிக்காரர்கள் என்றும் நினைக்க வேண்டாம். தன் கணக்கில் தவறு இருப்பதைத் தானே கண்டுபிடித்து ஜர்னலுக்கு எழுதுகிறவர்களும் உண்டு. அப்படி ஒருவர் நம் வளாகத்தில் இருந்தால், அவர் சம்மதித்தால், அதை எழுத எனக்கு ஆசை.

பத்து வருடமாக இங்கே வேலை செய்கிறேன். ஒருமுறைகூட என் பெயர் வந்ததில்லை.

உங்களுக்கு என்ன சொல்வது என்று கொஞ்சம் யோசித்தேன். கேட்டலின் காரிகோ 1990களில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எம்ஆர்என்ஏவை (எந்தப் புரதம் செய்ய வேண்டும் என்று செல்லுக்குக் கட்டளை கொண்டுபோகும் மூலக்கூறு) வைத்து மருந்து செய்ய முடியும் என்று ஆய்வு செய்துகொண்டிருந்தார். நிதி கேட்டு எழுதியதெல்லாம் திரும்பி வந்தது. 1995ல் அவரைப் பதவியில் கீழே இறக்கினார்கள். ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் ட்ரூ வைஸ்மேன் என்ற நோயெதிர்ப்பியல் ஆய்வாளரைச் சந்தித்துப் பேச்சு வளர்ந்து, இருவரும் சேர்ந்து வேலை செய்து, 2005ல் அந்த முக்கியமான கட்டுரை வந்தபோதும் பெரிதாக யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கொரோனா தடுப்பூசிகள் அதன்மேல் எழுந்தன, 2023ல் இருவருக்கும் நோபல் கிடைத்தது.

இதை உங்களுக்கு ஆறுதலாகச் சொல்லவில்லை, எல்லாருக்கும் நோபல் வந்துவிடாது. அந்த வருடங்களில் அவருடைய பல்கலைக்கழகத்தில் என்னைப் போல ஒருவர் உட்கார்ந்து வாரச் செய்தி தொகுத்திருந்தால், காரிகோவின் பெயரை எத்தனை வாரம் போட்டிருப்பார் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன். நிதி இல்லை, விருது இல்லை, பதவி உயர்வும் இல்லை, ஆகவே "செய்தி" இல்லை. என் அளவுகோலில் அவர் சிக்கியே இருக்க மாட்டார். அதனால் இப்போது "என்ன செய்துகொண்டிருக்கிறேன்" என்று ஒரு பகுதி வைத்திருக்கிறோம். முடிவு எதுவும் வரவேண்டியதில்லை, எந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டுகிறீர்கள் என்று பத்து வரி போதும். வரும் செவ்வாய்க்கிழமை உங்கள் அறைக்கு நானே வருகிறேன்.

சரி, எப்படி அனுப்ப வேண்டும்?

புதன்கிழமை மாலை 5 மணிக்குள். இருநூறு சொல்லுக்குள், வேர்டு ஃபைலில், யூனிகோடில். பிடிஎஃப் வேண்டாம், அதிலிருந்து எழுத்தை எடுத்தால் ஒற்றெல்லாம் உதிர்ந்துவிடுகிறது. பெயர்களை அவரவர் எழுதும்படியே எழுதுங்கள், இனிஷியலை இரண்டுமுறை பாருங்கள், வருகிற புகார்களில் பாதி இனிஷியலால்தான். படத்தில் இருப்பவர்கள் யார் யார் என்று இடமிருந்து வலமாக. மெயில் தலைப்பில் "அவசரம்" என்று போட வேண்டாம், எல்லாரும் அதைத்தான் போடுகிறார்கள்.